பிள்ளைத்தமிழ் காட்டும் மழலைப் பருவங்கள்

இறைவனைத் தந்தையாகவும், தலைவனாகவும், தோழனாகவும் கண்டு வழிபட்ட நம் முன்னோர், அவனைத் தொட்டிலில் கிடக்கும் குழவியாகவும் கண்டு உள்ளம் உருகினர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு மாலை தொடுத்த பெரியாழ்வார், யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று கண்ணனின் பிறப்பையும், தொட்டிலையும், தளர்நடையையும் பாடினார். இவ்வழியில் வளர்ந்த இலக்கிய வகையே பிள்ளைத்தமிழ் ஆகும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கச் சோழன் பிள்ளைத்தமிழும், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் அருளிய மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் இவ்வகையில் புகழ்பெற்றவை.

பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களைக் கொண்டது. அவற்றை ஊன்றி நோக்கினால், குழந்தையின் வளர்ச்சியை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாகக் கண்டறிந்திருந்தனர் என்பது புலனாகும்.

முதலாவது காப்புப் பருவம். பிறந்து இரண்டு, மூன்று திங்களான பிள்ளையைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டுவது இது. காக்கும் கடவுளாகிய திருமாலை முதலில் வேண்டுவது மரபு. குழந்தை தாயின் முகம் நோக்கிச் சிரிக்கத் தொடங்குவதும், மெல்லத் தலைநிற்பதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான்.

அடுத்தது செங்கீரை. கைகளை நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் அழகைப் பாடுவது. இதனை ஐந்தாம் திங்களுக்கு உரியதாகக் கூறுவர். தால் என்பது நாவு. தாய் நாவசைத்துத் தாலாட்டுப் பாட, பிள்ளை கேட்டு மகிழும் பருவம் தாலப் பருவம். குழந்தை ஒலிகளை அடுக்கி மழலை பேசத் தொடங்கும் காலமும் இதனையொட்டியே வருகிறது. ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. முத்தம் தருமாறு வேண்டுவது முத்தப் பருவம். ஓராண்டு நிறையும் வேளையில், தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகைப் பருவம்.

பின்னர் வருவது அம்புலிப் பருவம். வானத்து நிலவைக் குழந்தையுடன் விளையாட வருமாறு அழைப்பது இது. புலவர்கள் சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை வழிகளாலும் நிலவை அழைப்பர். தொலைவில் உள்ள ஒன்றைக் குழந்தை சுட்டிக்காட்டுவதும், பிறர் சுட்டுவதை நோக்குவதும் அறிவு வளர்ச்சியின் இன்றியமையாத அடையாளங்கள் என்பர் மருத்துவர். இறுதி மூன்று பருவங்கள் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாலுக்கு நீராடல், அம்மானை, ஊசல் எனவும் அமையும்.

இப்பருவங்களுக்கு உரிய திங்களைக் குறிப்பதில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. குழந்தைகளின் வளர்ச்சியிலும் அவ்வாறே வேறுபாடு உண்டு. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. நலமுள்ள குழந்தைகள் பிறர் துணையின்றி அமர்வது ஏறத்தாழ 4 முதல் 9 திங்களுக்குள். தனித்து நடப்பது ஏறத்தாழ 8 முதல் 18 திங்களுக்குள். நூற்றுக்கு நால்வர் தவழாமலேயே நடக்கத் தொடங்கினர். ஆகவே, "அடுத்த வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டதே, நம் பிள்ளை இன்னும் நடக்கவில்லையே" என்று ஒப்பிட்டுத் தாயை நோகச் செய்வது தகாது. பிள்ளை பெற்றவளின் மனம் அந்நாட்களில் மிகவும் மெலிந்திருக்கும். உற்றார் கூறும் ஒரு சொல்லும் அவளை வாட்டும்.

எனினும், பொறுமை வேறு, கவனமின்மை வேறு. ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று செந்திலாண்டவன் சந்நிதியில் தவம் கிடக்க, முருகன் திருவருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் அவரது வரலாறு கூறும். இதனைக் கேட்டு, "காலம் வரும்போது தானே பேசும்" என்று வாளா இருப்பவர் சிலர். அப்பெற்றோரோ வாளா இருக்கவில்லை. பிள்ளையின் குறையை அறிந்து, அதனை மறைக்காது, தூக்கிக்கொண்டு நடந்தனர். அதுவே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

ஒலி கேட்டும் திரும்பாத குழந்தை, ஓராண்டு நிறைந்தும் மழலை ஒலி எழுப்பாத குழந்தை, பதினெட்டுத் திங்களாகியும் நடக்காத குழந்தை, கற்ற சொல்லையும் செயலையும் இழக்கும் குழந்தை ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவிக்குறையைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பேச்சு வளர வழி பிறக்கும். அதே குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடிய முத்துக்குமார சுவாமி எழுந்தருளியுள்ள புள்ளிருக்குவேளூரில், ஈசனே வைத்தியநாதன் என்னும் திருநாமம் பூண்டுள்ளான். மருந்தை நாடுவது பக்திக்கு மாறானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

புதிய குழந்தையின் வரவு வீட்டிலுள்ள அனைவரையும் மாற்றுகிறது. நேற்று வரை மடியில் இருந்த மூத்த பிள்ளை, இன்று மடியில் வேறொரு குழந்தையைக் காண்கிறது. அது அடம்பிடிப்பதும், விட்டிருந்த பழக்கங்களுக்குத் திரும்பி மீண்டும் பாலாடை கேட்பதும் இயல்பே. அதனைக் குறும்பு என்று கருதித் தண்டித்தல் கூடாது.

கயிலையில் ஒரு கனியின் பொருட்டு முருகப்பெருமான் சினந்து சென்ற வரலாற்றை நாம் அறிவோம். அம்மையும் அப்பனும் பிள்ளையின் கோபத்தைக் கடியவில்லை. அவன் நின்ற மலைக்கே நாடிச் சென்று, "பழம் நீ" என்று கூறித் தேற்றினர். அவ்விடமே பழனி என வழங்குகிறது என்பர். தனக்குரிய இடம் பறிபோயிற்று என்று கருதும் பிள்ளைக்கு, பெற்றோர் தேடி வந்து கூறும் அச்சொல்லே மருந்து. நாள்தோறும் சிறிது நேரத்தைத் தாய் மூத்த பிள்ளைக்கென்றே ஒதுக்க வேண்டும். அவ்வேளையில் தந்தை கைக்குழந்தையை ஏந்த வேண்டும். தொட்டிலாட்டுவதையும், சப்பாணி கொட்டக் கற்பிப்பதையும் மூத்த பிள்ளையின் பொறுப்பாக்கினால், பொறாமை நீங்கிப் பாசம் பெருகும். பாட்டியும் பாட்டனும் தாயை உறங்கவிட்டுத் தாலாட்டுப் பாடுவராயின், இல்லம் தழைக்கும்.

திருக்கோயிலுக்குப் பெயர் சூட்டவும், முடியிறக்கவும், காது குத்தவும் பிள்ளைகளை எடுத்து வரும் அன்பர்கள், மூத்த பிள்ளையின் கையையும் பற்றி அழைத்து வந்து, அதன் நெற்றியிலும் திருநீறு இடுவார்களாக. குழந்தையைத் தெய்வமாகக் கண்ட மரபு நம்முடையது. நம் வீட்டுக் குழந்தை நகைப்பதும், தவழ்வதும், நடப்பதும் அந்த இறைவனின் திருவிளையாடலே எனக் கொண்டு போற்றி வளர்ப்போமாக.