தீவுகளும் செல்லப் பிராணிகளும்

தீவைச் சூழ்ந்த கடல், பிற நிலத்து உயிரினங்கள் எளிதில் வந்து சேராதவாறு காக்கும் அகழியாகவும் விளங்குகிறது. நெடுங்காலம் தனித்திருந்த தீவுகளில், உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத உயிரினங்கள் தோன்றியுள்ளன. இவற்றை ஓரிடவாழ் உயிரினங்கள் என்பர். தம்மை வேட்டையாடும் விலங்குகள் மிகுதியாக இல்லாத சூழலில் வாழ்ந்தமையால், புதிய பகையிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் இயல்பு இவற்றுள் பலவற்றிற்கு இல்லை. கப்பலும் வானூர்தியும் அந்த அகழியைக் கடந்தபோது, மனிதர் விரும்பி வளர்க்கும் விலங்குகளும் உடன் வந்தன.

கூண்டிலிருந்து காட்டிற்கு

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகள் உள்ளன. அங்கு இயற்கையில் பாம்புகளே இல்லை. அவற்றுள் ஒன்றான கிரான் கானரியாவிற்கு, வட அமெரிக்காவைச் சேர்ந்த கலிபோர்னியா கிங் ஸ்னேக் என்னும் பாம்பு செல்லப் பிராணியாக வந்தது. நம் நாட்டு இராசநாகத்தினின்று வேறான இது நஞ்சற்றது. வளர்ப்போரிடமிருந்து தப்பியோ, விடுவிக்கப்பட்டோ சில பாம்புகள் வெளியேறின. 1998ஆம் ஆண்டில் இப்பாம்பு திறந்தவெளியில் கண்டறியப்பட்டது. பின்னர்ப் பிடிபட்டவற்றுள் பல நிறமியின்றி வெளிறியிருந்தன. இயற்கையில் அரிதான இவ்வகையை விற்பனைக்கென வளர்ப்போரே பெருக்குவர். ஆகவே, அவை கூண்டிலிருந்து வந்தவை என்பதற்கு நிறமே சான்றாயிற்று.

கிரான் கானரியாவிற்கே உரிய பெரும்பல்லி இப்பாம்பிற்கு எளிய இரையானது. பாம்பு பரவிய பகுதிகளில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேற்பட்ட பல்லிகள் மறைந்தன. கனிகளை உண்டு விதைகளைப் பரப்புவது அப்பல்லியே. எனவே, அதன் அழிவு செடிகொடிகளின் பெருக்கத்தையும் தாக்குகிறது. ஆயிரக்கணக்கில் பிடித்தபோதும், நிலத்தடியிலும் கல்லிடுக்கிலும் மறைந்து வாழும் பாம்பை அறவே அகற்ற இயலவில்லை.

வாயிலிலேயே தடுத்தல்

ஆக்கிரமிக்கும் அயல் உயிரினங்களுக்கான ஸ்பெயின் நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டப் பட்டியலில் இப்பாம்பு இடம்பெற்றது. அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. தீங்கு விளைந்தபின் தடைசெய்யும் முறையின் குறை இதுவே.

ஹவாய்த் தீவுகள் இதற்கு மாறான முறையைக் கையாளுகின்றன. ஆராய்ந்து பட்டியலில் சேர்க்கப்படாத விலங்கிற்கு அங்கு நுழைவில்லை. தனியார் பாம்பு வளர்ப்பது குற்றம். அதற்கு 2,00,000 டாலர் வரை தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். எனினும், தாமே முன்வந்து விலங்கை ஒப்படைப்போர்க்குத் தண்டனை இல்லை. தண்டனைக்கு அஞ்சுவோர் விலங்கைக் கமுக்கமாகக் காட்டில் விட்டுவிடக்கூடும் என்பதால் அமைந்த சலுகை இது.

அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவுகளைக் கொண்ட இந்தியாவும் சட்டவழியில் இறங்கியுள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், ஆக்கிரமிக்கும் அயல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவோ தடைசெய்யவோ நடுவண் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

வளர்க்க இயலாத விலங்கைக் காட்டில் விடுவது இரக்கச் செயலாகத் தோன்றலாம். ஆனால், அவ்விரக்கத்தின் விலையைச் செலுத்துவன, ஓடி ஒளிய வேறிடமற்ற தீவின் உயிரினங்களே. வாங்கும் முன்னரே அவ்விலங்கின் இயல்பையும் வாழ்நாளையும் எண்ணிப் பார்ப்பதே உண்மையான இரக்கம்.