முதுமையும் ரெனிஸ் களமும்

விளையாட்டரங்கில் மூத்தவரை இளையவர் வெல்லுதல் இயற்கையே. அதனை விளக்குதற்கு ஒரு கட்டுரையும் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். ஆயின், முதுமை ஒரு வீரரிடமிருந்து எதனைப் பறிக்கின்றது, எதனை விட்டுவைக்கின்றது என்பது அத்துணை எளிதிற் புலனாவதன்று. அவுஸ்திரேலிய வீரர் கென் றோஸ்வோலின் வரலாறு இதனை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படும்.

1934ஆம் ஆண்டிற் பிறந்த றோஸ்வோல், 1953இல், தமது பதினெட்டாவது வயதிலேயே அவுஸ்திரேலிய, பிரெஞ்சுப் பட்டங்களை ஈட்டினார். அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அவ்விளைஞரைத் தோற்கடித்தவர் முப்பத்திரண்டு வயதினரான ட்ரொப்னி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1956இன் பின் றோஸ்வோல் தொழில்முறை ஆட்டக்காரரானமையால், அக்கால விதிப்படி பெரும் போட்டிகளில் அவருக்கு இடமில்லாது போயிற்று. 1968இல் அவ்விதி நீங்கியபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. எனினும், அவ்வாண்டே பிரெஞ்சுப் பட்டத்தையும், 1970இல் அமெரிக்கப் பட்டத்தையும், 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் அவுஸ்திரேலியப் பட்டத்தையும் வென்றார். விம்பிள்டன் மாத்திரம் கைகூடிற்றில்லை.

இஃது எங்ஙனம் இயன்றது? றோஸ்வோல் சிற்றுருவினர், அவரது தொடக்க அடியிலும் வலிமை மிகுதியில்லை. பந்து வருமிடத்தை முன்னுணர்ந்து அங்கே நிற்றலும், பந்தைச் சீவியனுப்பும் புறங்கை அடியினால் எதிரியின் கைக்கெட்டாத இடத்தில் அதனை இடுதலுமே அவர்தம் செல்வம். வலிமையை நம்பாத ஆட்டத்தை வயது விரைவிற் கெடுப்பதில்லை.

1974ஆம் ஆண்டு விம்பிள்டனில், முப்பத்தொன்பது வயதில், அவர் நியூகமை வென்றார். அரையிறுதியில் ஸ்ரான் ஸ்மித்திடம் முதலிரு செற்களை இழந்த பின்னும் மீண்டெழுந்து வெற்றி கண்டார். இறுதியில் எதிர்ப்பட்டவர் இருபத்தொரு வயதினரான அமெரிக்கர் ஜிம்மி கொணர்ஸ். ஆட்டம் 6–1, 6–1, 6–4 என முடிந்தது. மூத்தவர் களைத்துவிட்டார் என்பதே பலர் கூறும் காரணம். அது முழுதும் ஏற்கத்தக்கதன்று. இரு மாதங்களின் பின் அமெரிக்கப் போட்டியிலும் அவர் நியூகமை வென்று, இறுதியில் கொணர்ஸிடம் 6–1, 6–0, 6–1 என முன்னையினும் மோசமாகத் தோற்றார். நியூகமும் வலிமை மிக்க ஆட்டக்காரரே. ஆயின் அவர் தொடக்க அடியை அடித்துவிட்டு வலையை நோக்கி ஓடி வருவார். அவ்வாறு வருவோரைக் கடந்து பந்தைச் செலுத்துதல் றோஸ்வோலுக்குக் கைவந்த கலை. கொணர்ஸோ பின்கோட்டருகே நின்று, பந்து மேலெழும்போதே இரு கைகளாலும் மட்டையைப் பற்றி அடிப்பவர். றோஸ்வோலின் மென்மையான தொடக்க அடி அவருக்கு விருந்தாயிற்று. முதியவரின் முன்னுணர்வு மழுங்கவில்லை. உணர்ந்த இடத்திற்குக் கால்கள் சென்று சேர்தற்கு வேண்டிய அரைக்கணத்தை இளையவர் கொடுத்தாரில்லை.

கொணர்ஸும் முதுமையெய்தினார். 1991ஆம் ஆண்டு, உலக வரிசையில் 174ஆம் இடத்தில் இருந்த நிலையில், அமெரிக்கப் போட்டியிற் புகுந்த அவர், முதற்சுற்றில் இரு செற்களை இழந்த பின்னும் வென்றார். தமது முப்பத்தொன்பதாவது பிறந்த நாளன்று கிறிக்ஸ்ரைனை ஐந்து செற்களில் வீழ்த்தினார். அரையிறுதியில் அவரை 6–3, 6–3, 6–2 எனத் தோற்கடித்த ஜிம் கூரியருக்கு வயது இருபத்தொன்று. கூரியரும் இறுதியாட்டத்தில் எட்பேர்க்கிடம் ஒரு செற்றேனும் பெறாது தோற்றார்.