ஹார்ட் டிஸ்க் 54 டிகிரி காட்டுது, ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

இந்த வாரம் வேற ஒரு டாபிக் பேசுறதா இருந்தேன். இன்பாக்ஸ்ல வந்த ஒரு கேள்வி அதை ஓரங்கட்டிடுச்சு. சென்னையில இருந்து ஒரு லிஸனர் எழுதியிருக்காங்க. தங்கச்சி கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் சேர்த்து 600 ஜிபி. அது மொத்தமும் ஒரே ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு. இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி போட ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ 54 டிகிரி காட்டியிருக்கு. பயந்து நிறுத்திட்டாங்க. "கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்துட்டு மறுபடி போடலாமா?"ன்னு கேட்கிறாங்க.

வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம். ஏன்னு பாக்கலாம்.

டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டுகள் நிமிஷத்துக்கு 7,200 தடவை வரை சுத்துது. போர்ட்டபிள்ல பெரும்பாலும் 5,400. அந்தத் தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல ஹெட் மிதக்குது. மோட்டார் ஓயவே ஓயாது, ஹெட் அங்கயும் இங்கயும் ஓடும், கீழே இருக்கிற சர்க்யூட் போர்டும் சூடாகும். வேலை செய்யும் டிஸ்க் சூடாவது நோய் இல்லை, அதோட இயல்பு. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி வரை ஓடலாம் என்றுதான் தயாரிப்பாளர்களே எழுதித் தருகிறார்கள். போர்ட்டபிள் டிஸ்க் பெட்டிகள் பலதில் 35 டிகிரின்னு போட்டிருப்பாங்க. குழம்ப வேண்டாம். அது டிஸ்க்கோட சூடு இல்ல, அதைச் சுத்தி இருக்கிற ரூமோட சூடு. (நம்ம ஊர் மே மாசத்துல ஏசி இல்லாத ரூம் அந்தக் கோட்டைச் சாதாரணமா தொட்டுடும், அது வேற விஷயம்.)

அப்போ 54 நல்லதான்னா, நல்லது இல்ல. எல்லைக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்.

இந்த சூடு விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி 2007-ல கூகுள் வெளியிட்டது. பின்ஹேரோ, வெபர், பரோசோன்னு மூணு பேர் எழுதினது. தங்களோட டேட்டா சென்டர்ல ஓடிக்கிட்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பாத்தாங்க. சூடு கூடக்கூட டிஸ்க் அதிகமா சாகும்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தோம். அப்படி நடக்கவில்லை. ரொம்பக் குளிர்ச்சியா ஓடிய டிஸ்க்குகள்தான் அதிகமாகப் பழுதாகி இருந்தன. மிதமான சூட்டில் ஓடியவை நன்றாகவே இருந்தன. 45 டிகிரியைத் தாண்டினப்போதான் நிலைமை மாறுச்சு, அதுவும் முக்கியமா மூணு வயசைத் தாண்டின டிஸ்க்குகளுக்கு.

இதைக் கேட்டுட்டு "அப்போ சூடு பிரச்சனையே இல்ல"ன்னு கிளம்பிடாதீங்க. அவை எல்லாம் காத்தோட்டம் சீரா இருக்கிற ரேக்ல ஓடின டிஸ்க்குகள். மெத்தை மேல, லேப்டாப்போட சூடான பக்கத்துல ஒட்டி வச்ச பிளாஸ்டிக் கேஸ் அதுல இல்ல. நான் எடுத்துக்கிற கணக்கு இது: 30-லேர்ந்து 45 வரை நிம்மதி, 50 தாண்டினா காத்து குடு, 55 தாண்டினா நிறுத்து.

இப்போ ஃப்ரிட்ஜ். ஏசி பஸ்ல இருந்து கோயம்பேட்டுல இறங்கினதும் கண்ணாடி மங்குது இல்லையா? ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த டிஸ்க்குக்கும் அதேதான். சர்க்யூட் போர்டு மேல ஈரம் பூக்கும். சாதாரண டிஸ்க்ல காத்து போய்வர சின்ன துளை ஒண்ணு உண்டு. மூடாதீங்கன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். ஃபில்டர் தூசியைத் தடுக்கும், ஆனா ஈரக்காத்து உள்ள போகும். ஹீலியம் நிரப்பின டிஸ்க்ல மட்டும் அந்தத் துளை இல்ல. திடீர் மாற்றமும் கெடுதல்தான். ஓடும்போது மணிக்கு 20 டிகிரிக்கு மேல் வெப்பம் மாறக்கூடாது என்று பல டிஸ்க்குகளின் விவரத் தாளிலேயே இருக்கிறது.

ஈரம்னு சொன்னதும் இன்னொண்ணு. 2016-ல மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர்கள் ஒன்பதை வச்சு வந்த ஆய்வுல, டிஸ்க் பழுதுக்குச் சூட்டை விட ஈரப்பதம்தான் பெரிய காரணமா தெரிஞ்சுது. தட்டை விட, கன்ட்ரோலர் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் பக்கம்தான் அடி. கடலோர ஊர்க்காரங்களுக்கு, என்னைக் கேட்டா, இதுதான் பெரிய செய்தி. டிஸ்க்கை ஜன்னலோரம் வைக்காதீங்க. ஓடாத நேரத்துல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி வைங்க.

டெஸ்க்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி. கேபினெட் முன்பக்கம் மெதுவா சுத்துற ஒரு ஃபேன் போதும். ரெண்டு டிஸ்க் இருந்தா நடுவுல ஒரு ஸ்லாட் காலியா விடுங்க. எஸ்எஸ்டி கதை தனி எபிசோட்.

சரி, அந்த 600 ஜிபி. முதல்ல சூட்டை விட்டுட்டு, அதே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல 05, C5 ரெண்டு வரியையும் பாருங்க. கெட்டுப்போய் மாத்தின செக்டார், படிக்க முடியாம காத்திருக்கிற செக்டார். அங்க பூஜ்யம் இல்லாம எண் ஏற ஆரம்பிச்சா, 54 டிகிரியை விட அதுதான் அவசரம். கூகுள் ஆய்வுல, ஸ்கேன் பண்ணும்போது முதல் பிழை வந்த டிஸ்க்குகள் அடுத்த 60 நாள்ல பழுதாகும் வாய்ப்பு, பிழையே வராததை விட 39 மடங்கு. ஆனா பூஜ்யம் இருந்தாலும் நிம்மதின்னு இல்ல. செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த முன்னறிவிப்பும் தரவில்லை.

அதனால இன்னைக்கு ராத்திரியே காப்பி பண்ணுங்க. வெயில் இறங்கட்டும். டிஸ்க்கை உறையில இருந்து எடுத்து, லேப்டாப்ல இருந்து ஒரு அடி தள்ளி, ஆடாத மர மேஜை மேல வைங்க. டேபிள் ஃபேன் அதே மேஜையில வேண்டாம், பக்கத்து ஸ்டூல்ல இருந்து காத்து வரட்டும். ஓடும்போது டிஸ்க்கை நகர்த்தாதீங்க. மொத்தமா போடாம, திரும்பக் கிடைக்காத போட்டோக்களை முதல்ல போடுங்க. வீடியோ அப்புறம், 100 ஜிபி 100 ஜிபியா. நடுவுல 55 தாண்டினா, சேஃப்லி ரிமூவ் குடுத்து, கழட்டி, அரை மணி நேரம் அங்கேயே அப்படியே விடுங்க. முடிஞ்சதும் எழுதுங்க, அடுத்த எபிசோட்ல சொல்லிடுறேன்.