காப்பீட்டு அட்டை கைவிடும் இடத்தில் சட்டம் இருக்கிறது

தென்காசி வட்டாரத்தில் ஐந்தருவிப் பக்கமோ இலஞ்சியிலோ ஒரு வீட்டுப் பெரியவருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று மருத்துவர் சொன்னால், குடும்பம் முதலில் தேடுவது முதல்வர் காப்பீட்டு அட்டையை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உதவும் அட்டை அது. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு. மறதி நோய்க்கு வேண்டியதோ தினசரி மாத்திரை, அதுவும் ஆண்டுக்கணக்கில். மருந்துக்கடை பில்லுக்கு அட்டை பணம் தராது. மருந்து பாதியில் நின்றுபோகும் ஆபத்து இங்கேதான்.

அந்த மாத்திரையைக் கேட்டுப் பெற வேறு வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதற்குத் தரும் விளக்கத்தில் நினைவையும், இடம் காலம் அறியும் திறனையும் சேர்த்திருக்கிறது. அவை கெட்டு அன்றாட வாழ்க்கையே தடுமாறும் டிமென்ஷியா நோயாளி இந்த விளக்கத்துக்குள் வருவார் என்பதே என் உறுதியான கருத்து. அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலேயுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு மருத்துவரைப் பார்த்து, மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "ஸ்டாக் இல்லை" என்றால் மருத்துவமனைத் தலைவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். அதுவரை மருந்து நிற்கக் கூடாது. மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வாசல் தாண்டினால் வீடு திரும்பத் தெரியாதவருக்கு அந்த வசதி இன்னும் அவசியம். மறதி நோய் மாத்திரையும் அவற்றோடு வர வேண்டும் என்று கிராமசபையில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

மருந்து பற்றியும் உண்மை தெரிந்திருக்கட்டும். டோனெபெசில் நோயைக் குணப்படுத்தாது. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும். குமட்டலும் பசியின்மையும் வரலாம். நாடித்துடிப்பு குறைந்து மயக்கமும் வரலாம் என்பதால், இந்த மருந்து சாப்பிடும் பெரியவரைச் சீசன் கூட்டத்தில் அருவிக்கடியில் தனியாக விடாதீர்கள். மருந்து தொடங்கும் முன் தைராய்டு, பி12 பரிசோதனை செய்யுங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடிய மறதியும் உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

தனியார் பாலிசி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பாலிசி எடுக்கும்போதே அல்சைமர் இருந்தால், அதை நிரந்தரமாக விலக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகள் நிறுவனத்துக்கு இடம் தந்தன. பாலிசி எடுத்த பிறகு வந்த நோய் என்றால் கதையே வேறு. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 சட்டத்தின் 21ஆவது பிரிவு. கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். அங்கும் மறுத்தால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.