வகுப்புக்கு வராத பிள்ளையும் உளவளத்துணையும்

சீருடையோடு வீட்டிலிருந்து புறப்பட்டும் பாடசாலைக்குப் போய்ச் சேராத பிள்ளை, இடாப்பில் வரவு பதிந்த பின் இடைவேளையோடு மதில் தாண்டிவிடும் பிள்ளை, கணித பாடம் உள்ள நாளில் மட்டும் தவறாமல் வயிற்றுக்குத்து வரும் பிள்ளை என்று, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கள்ளம் எனப்படும் பழக்கத்துக்குப் பல உருவங்கள் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் வகுப்பைத் தவிர்ப்பது ஒரு வகை. பாடசாலை என்றதுமே பயமும் பதற்றமும் எழுந்து, வீட்டை விட்டு வெளிக்கிடவே முடியாமற் போவது இன்னொரு வகை. தம்பியைப் பார்க்கவோ தொழிலுக்கு உதவவோ பெற்றோரே மறித்து வைப்பது மூன்றாவது. வரவு இடாப்பு மூன்றையும் ஒரே அடையாளத்தால்தான் பதிகிறது. ஆகவே, இதில் எது நடக்கிறது என்று கண்டறிவதுதான் பாடசாலை உளவளத்துணையின் முதல் வேலையாகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 வயது தொடக்கம் 14 வயது வரையான பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்கின. 2016இல் மேல் எல்லை 16 வயதுக்கு உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16க்கு உயர்ந்ததால் இரண்டு சட்டங்களும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பிள்ளையை அனுப்பாத பெற்றோரை நீதவான் முன் நிறுத்தவும் வழியுண்டு. ஆனால் கட்டளையால் திரும்பி வந்த பிள்ளை, வராமைக்கான காரணத்தையும் கூடவே கொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறது. அந்தக் காரணம் தீராவிட்டால் சில கிழமைகளில் அதே இருக்கை மறுபடி வெறுமையாகும்.

யாழ். குடாநாட்டில் இந்தக் காரணங்கள் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன. குருநகர், பாசையூர், நாவாந்துறை, வடமராட்சி கிழக்கு, தீவகம் போன்ற கரையோரங்களில் கடலின் போக்கோடு வரவும் ஏறி இறங்கும். விடிகாலையில் படகு கரை சேரும்போது வலையிலிருந்து மீன் கழற்றக் கைகள் வேண்டும். அந்த வேலை முடிந்து வருபவன் 7.30 மணிக்கு வகுப்பில் இருப்பது கடினம். பிந்திப் போனால் வாசலில் ஏச்சு விழும் என்பதால் போகாமலே விட்டுவிடுகிறான். வலிகாமத்துச் செம்மண் தறைகளில் வெங்காயம் நடவும் கிண்டவும் ஆள் தேவைப்படும் நாட்களில் இதே கதை நடக்கிறது. நகரப் பகுதியில் கடையில் நிற்பதும் மேசனுக்குக் கையாளாகப் போவதும் உண்டு. அன்றன்று கையில் வரும் கூலி, 15 வயதுப் பிள்ளைக்கு எந்தத் தவணைப் பரீட்சைப் புள்ளியையும் விடப் பெரிதாகத் தெரிவது இயல்பு. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, 2022இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் மூடப்பட்டபோது, நாள்தோறும் பாடசாலைக்குப் போவது என்ற பழக்கமே பல வீடுகளில் அறுந்தது. அக்காலத்தில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகளை நிறுத்தி மீட்பது இலேசாக இருக்கவில்லை.

வறுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் பாடசாலை தன் பங்கிலிருந்து தப்பிவிடும். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறியபடி தரம் 6க்கு வந்து சேரும் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடவேளையும் நாலு பேர் முன்னால் அவமானப்படும் வேளைதான். சக மாணவரின் சீண்டல், சாதியையோ தகப்பனின் தொழிலையோ குத்திக் காட்டும் பட்டப்பெயர், கட்ட முடியாத வசதிக் கட்டணம், மாதவிடாய் நாட்களில் பயன்படுத்த முடியாத மலசலகூடம் என்பவையும் பிள்ளையை வாசலிலிருந்து திருப்பி அனுப்புகின்றன. அடியும் அப்படித்தான். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே தடைசெய்துவிட்டது. தென்னிலங்கை மாணவன் ஒருவனை ஆசிரியர் அறைந்த வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் பாதுகாப்பை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்த்தது. இருந்தும், வராமல் விட்டதற்காகவே அடிப்பது இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஒரு நாள் வராதவனை மூன்று நாள் வராதவனாக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கைகொடுக்க வேண்டிய உளவளத்துணை யாழ்ப்பாணத்தில் போருக்குள்ளேயே வளர்ந்தது. உளவளத்துணை வழங்கும் சாந்திகம் நிறுவனம் 1987இல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆசிரியர்கள், மதகுருமார், சமூகப் பணியாளர்கள் ஆகியோரை அடிப்படை உளநலப் பணிக்குப் பழக்கினர். உளமருத்துவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிய காலத்தில், நாள்தோறும் பிள்ளைகளைக் காணும் ஆசிரியரே முதல் உதவியாளர் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. பின்னர் ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் 92 வீதத்தினர் கடும் அதிர்ச்சி தரும் நிகழ்வுகளுக்கு முகங்கொடுத்திருந்ததையும், நான்கில் ஒருவரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் காணப்பட்டதையும் காட்டியது.

இன்று தரம் 8 தொடக்கம் 11 வரை இருப்போர் போர் முடிந்த காலத்தை ஒட்டியும் அதன் பின்னும் பிறந்தவர்கள். ஷெல் சத்தம் அவர்களின் நினைவில் இல்லை. ஆனால் போர்க்காலத்தில் அதே வாங்குகளில் இருந்த பிள்ளைகள்தான் இன்று அவர்களின் தாய் தகப்பன்மார். 2008இல் வெளியான இன்னொரு ஆய்வு, 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து, வீட்டு வன்முறையோடு இரண்டு விடயங்கள் பிணைந்திருப்பதைக் கண்டது: பிள்ளை பட்ட போர் அனுபவம் ஒன்று, தகப்பனின் குடி மற்றது. போர் ஓய்ந்த பிறகும் அது வீட்டுக்குள் எப்படி நீடிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. இரவு முழுக்கச் சண்டை நடந்த வீட்டிலிருந்து காலையில் பிள்ளை வராததைச் சோம்பல் என்று எழுதிவிட முடியாது.

பாடசாலையில் உளவளத்துணை நடைமுறையில் இப்படித்தான் தொடங்குகிறது. வகுப்பாசிரியர் இடாப்பைப் பார்த்து, எந்தக் கிழமை நாட்களில், எந்தப் பாடவேளைகளில் பிள்ளை இல்லை என்று குறிக்கிறார். செவ்வாயும் வியாழனும் மட்டும் வராதவனுக்கு அந்த நாட்களில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது ஒரு பாடமாக, ஓர் ஆசிரியராக, சந்தை நாளாகக்கூட இருக்கலாம். மூன்றாவது நாளிலேயே விசாரித்தால் பெரும்பாலும் சிறிய காரணத்தோடு விடயம் முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், விடுபட்ட பாடமே புதிய காரணமாக வளர்ந்திருக்கும். அடுத்து வருவது வீட்டுத் தரிசிப்பு. முறைப்பாட்டோடு படலையைத் தட்டும் ஆசிரியருக்கும் பிள்ளையைக் காணவில்லையே என்று கேட்டு வருபவருக்கும் அந்த வீடு சொல்லும் பதில் ஒன்றாக இருக்காது.

பிறகு உளவளத்துணை ஆசிரியர் பிள்ளையோடு தனியே பேசுகிறார். இந்த இடத்தில்தான் பல பாடசாலைகள் சறுக்குகின்றன. அதிபரின் அறையில், பெற்றோரை அருகில் நிறுத்தி, படிப்பின் அருமையை அரைமணி நேரம் எடுத்துச் சொல்வது புத்திமதி. பிள்ளை தலையாட்டும், மறுநாள் வரும், அதற்கடுத்த கிழமை வராது. உளவளத்துணையில் பேசும் வேலையில் பெரும்பங்கு பிள்ளையுடையது. எத்தனை நாள் வரவில்லை என்று விசாரிப்பதை விட, வராத நாளின் காலையில் எழுந்தது முதல் என்ன நடந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவைப்பது கூடுதலாக உதவும். எங்கே கால் பின்வாங்கியது என்பது அந்தக் கதையிலேயே வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்தோபர் கேர்னி, வெண்டி சில்வர்மனுடன் 1990இல் முன்வைத்த வகைப்பாடு இதற்குக் கைகொடுக்கிறது. பாடசாலைக்குப் போகாமல் இருப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று அது கேட்கிறது. பாடசாலைச் சூழல் தரும் மனவேதனையிலிருந்து தப்பலாம். மதிப்பிடப்படும் இடங்களிலிருந்து, அதாவது பரீட்சையிலிருந்தும் கரும்பலகைக்கு அழைக்கப்படுவதிலிருந்தும் சக மாணவரின் பார்வையிலிருந்தும் தப்பலாம். தாயின் அல்லது வேறொருவரின் கவனம் கிடைக்கலாம். வெளியே காசு, நண்பர் கூட்டம், தொலைபேசி விளையாட்டு போன்ற கவர்ச்சிகள் கிடைக்கலாம். காரணம் எதுவோ அதற்கேற்ப உதவியும் மாற வேண்டும். பதற்றத்தால் வராதவளுக்கு மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும், முதல் நாள் இரண்டு பாடவேளை, பிறகு அரை நாள், பிறகு முழு நாள் என்று படிப்படியாகத் திரும்பும் ஒழுங்கும் பொருந்தும். அதே சலுகையை வெளிக்கவர்ச்சியால் போகாதவனுக்குக் கொடுத்தால் அவனுக்கு அரை நாள் லீவுதான் கிடைக்கும். அவனுக்கு வேண்டியது வீடும் பாடசாலையும் அவனும் சேர்ந்து எழுதும் சிறு உடன்படிக்கையும், நாளாந்த வரவுக் குறிப்பும், கைவேலையில் உள்ள ஆர்வத்துக்கு ஒரு வழியும். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற் பாடத்துறையைக் காட்டி, சாதாரண தரம் வரை இருக்கச் சம்மதிக்க வைக்கலாம். தாயின் கவனத்துக்காக வீட்டில் நிற்கும் பிள்ளையின் விடயத்தில் உண்மையில் துணை தேவைப்படுபவர் தாய்தான். கணவன் இல்லாமலோ கணவன் வெளிநாட்டில் இருக்கவோ தனியே குடும்பம் இழுக்கும் பெண்கள் இங்கு ஏராளம்.

இத்தகைய பணி எந்த அளவுக்குப் பலன் தரும் என்பதற்கு வடக்கிலேயே ஒரு முக்கியமான சோதனை நடந்திருக்கிறது. போர் உச்சத்தில் இருந்தபோது 399 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஐந்து கிழமைகளில் 15 அமர்வுகள் கொண்ட வகுப்பறைக் குழுத் திட்டம் வழங்கப்பட்டது. மனவடு, மனச்சோர்வு, பதற்றம் முதலிய முதன்மை அளவுகோல்களில் மொத்தக் குழுவுக்கும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்கள் மட்டும் குறைந்தன. அப்போதைய போர்சார்ந்த நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. மனவடு அறிகுறிகளில், அமர்வுகளில் பங்குபற்றிய சிறுமிகளின் முன்னேற்றம் பங்குபற்றாத சிறுமிகளினதை விடக் குறைவாகவே இருந்தது. அந்த ஆய்வு வரவை அளக்கவில்லை. ஆயினும் வரவுக்காக உழைப்பவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். எல்லாப் பிள்ளைகளையும் ஒரு மண்டபத்தில் இருத்தி ஒரே நிகழ்ச்சியை நடத்துவதும், வெளியே அடியும் பசியும் அப்படியே இருக்க உள்ளே மனத்தை மட்டும் தேற்ற முயல்வதும் எங்கே போய் நிற்கும் என்று அது முன்கூட்டியே காட்டிவிட்டது. அரசின் அஸ்வெசும நலன்புரி உதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது, சப்பாத்துக்கு ஒரு பழைய மாணவரைப் பிடிப்பது, பரிகாரக் கற்பித்தலுக்கு ஆள் ஒழுங்குசெய்வது எல்லாம் உளவளத்துணைக்கு வெளியே உள்ள வேலைகள் என்று ஒதுக்கினால், மீதமாக இருப்பது வெறும் பேச்சு.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் உருவான செக் அன்ட் கனெக்ட் திட்டம் பேச்சைத் தாண்டிய இந்த வேலையைத்தான் முறையாகச் செய்கிறது. ஒரு வழிகாட்டி ஒரு மாணவரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் விடாமல் தொடர்கிறார். வரவையும் புள்ளியையும் கிழமைதோறும் பார்க்கிறார், குடும்பத்தோடு தொடர்பில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் இதற்குப் பெரிய தடை நேரம். உளவளத்துணைக்கு நியமிக்கப்பட்டவரே பாடமும் எடுக்கிறார், வகுப்புக்கும் பொறுப்பாக இருக்கிறார், ஆசிரியர் வராத வகுப்புகளுக்கும் அனுப்பப்படுகிறார். காலையில் வாசலில் தலைமுடி அளந்த அதே ஆசிரியரிடம் பத்து மணிக்கு மனம் திறந்து பேசப் பிள்ளையால் முடியாது. ஒழுக்காற்றுக் கடமையிலிருந்து அவரை விடுவிப்பதற்குச் செலவே இல்லை. ஆசிரியர் ஓய்வறையின் மூலையை விட்டு, சத்தம் வெளியே கேட்காத ஒரு சிறு அறை கொடுப்பதற்கும் பெரிய செலவில்லை. பிள்ளை சொன்னது மறுநாள் ஆசிரியர் மத்தியில் கதையாக உலாவினால் அந்த அறைக்கு அதன்பின் ஒருவரும் வரமாட்டார்கள்.

திரும்பி வரும் முதற் கிழமையையும் திட்டமிட வேண்டும். “இன்றைக்குத்தான் வழி தெரிஞ்சதோ?” என்ற ஒரு பகிடி போதும், இரண்டு மாத உழைப்பு வீணாகிவிடும். பாட ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லி, விடுபட்ட குறிப்புகளுக்கு ஒரு சக மாணவரை இணைத்து, முதல் சில நாட்கள் கேள்வி கேட்காமல் விடுவது பல பாடசாலைகளில் பயன் தரும் ஏற்பாடு.

உயர்தர மாணவரின் வரவின்மை வேறு விதமானது. பரீட்சை நெருங்க நெருங்க வகுப்பறை வெறுமையாகி ரியூட்டரி நிரம்புகிறது. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்ற விதி இருந்தும் இது நடக்கிறது, பெரும்பாலும் பெற்றோரின் சம்மதத்தோடு. இதில் பிள்ளையின் மனத்தில் தீர்க்க வேண்டிய சிக்கல் அதிகம் இல்லை. பாடத்திட்டத்தைப் பாடசாலையே உரிய காலத்தில் முடித்துக் கொடுத்தால் பாதிப் பேர் திரும்புவர். இதை உளவளத்துணை ஆசிரியரின் மேசையில் கொண்டுவந்து வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மறுமுனையில், பாடசாலையால் தனியே தாங்க முடியாதவையும் உண்டு. துஷ்பிரயோகம் பற்றிப் பிள்ளை வாய் திறந்தால் இரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்கு அங்கே செல்லாது. இதைப் பிள்ளைக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும், நன்னடத்தைத் திணைக்களத்துக்கும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். போதைப்பொருள் பாவனை, தற்கொலை எண்ணம், நாட்கணக்கில் உறக்கமின்மை, தனக்குள் பேசுதல் போன்றவை தெரிந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையினதோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையினதோ உளநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பெற்றோர் ஆஸ்பத்திரி என்றதும் தயங்கினால், தேசிய உளநல உதவிச் சேவையின் 1926 இலக்கத்தை இரவிலும் பகலிலும் தமிழில் அழைத்துப் பேசலாம்.