உதவி வரும், போகும்... கண்மாய் நிலைக்க வேண்டும்!

‘எங்கள் ஊர்க் கண்மாயைச் சீரமைத்துத் தர ஓர் அறக்கட்டளை முன்வந்திருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?’ சாத்தூர், வெம்பக்கோட்டை, திருச்சுழி வட்டார விவசாயிகள் கோடை பிறந்தால் கேட்கும் கேள்வி இது. கேள்வி வருவதில் வியப்பில்லை. மத்திய அரசு 2018-ல் தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் நாடு முழுவதும் 112 மாவட்டங்கள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். அதனால் உதவ வருவோரும் இங்கே அதிகம்.

நமக்குக் கண்மாய் என்பது தண்ணீர்க் கணக்கு மட்டுமல்ல. கண்மாய் பெருகாத வருடம் ஆயக்கட்டுக்காரர் வீட்டிலிருந்து ஒருவராவது பட்டாசு ஆலை வேனில் ஏறுகிறார். 2012-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரையும், 2021-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரையும் வெடிவிபத்தில் இழந்த பூமி இது. உதவிப் பணம் வீணாகப் போனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இங்கே விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு வழிகள்

கண்மாய்க்கு வெளிநாட்டு உதவி புதிதல்ல. 1980-களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியில் தமிழகக் கண்மாய்கள் நவீனப்படுத்தப்பட்டன. பொதுப்பணித்துறை திட்டமிட்டது, ஒப்பந்ததாரர் வேலை செய்தார். மடை மாற்றினார்கள், வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசினார்கள். வேலை முடிந்த பிறகு அதைப் பராமரிக்க வேண்டியது யார் என்பதுதான் பல ஊர்களில் தெளிவாகவில்லை.

1992-ல் மதுரைப் பகுதியில் வேறொரு வழியைத் தொடங்கினார்கள். பிரதான் அமைப்பு, ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவோடும், அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தின் தொழில்நுட்பத் துணையோடும் கண்மாய் வேலையில் இறங்கியது. 1997-ல் உருவான தானம் அறக்கட்டளை அதைத் தொடர்ந்தது. இங்கே முதல் வேலை மண் வெட்டுவதல்ல, ‘வயலகம்’ என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் அமைப்பது. எந்த மடை ஒழுகுகிறது, எந்த வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது என்பதைச் சங்கம் சொல்லும். செலவில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ விவசாயிகளே போடுவார்கள். சங்கத்தின் பெயரில் வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருக்கும். அதன் வட்டியில் ஆண்டுதோறும் சில்லறைப் பராமரிப்பு நடக்கும்.

நம் மாவட்டம் வழியாகப் போகும் குண்டாற்று வடிநிலத்திலும் இந்த முறையில் வேலைகள் நடந்துள்ளன. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தபோது விவசாயிகள் பங்கு 10 சதவீதம் என்று வைத்ததற்கும் அடிப்படை இதுதான். கைப்பணம் போட்டவன்தான் கரையைப் பார்க்கப் போவான்.

ஆப்பிரிக்கா சொல்லும் பாடம்

இது நம் ஊர்ப் பாடம் மட்டுமல்ல. நம் தெருக்களில் நிற்கும் ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு, 1970-களில் யூனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிறகு உதவித் திட்டங்கள் மூலம் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது. அங்கே நன்கொடையாளர்கள் ஆயிரக்கணக்கில் பம்புகள் நட்டார்கள். உதிரி பாகம் கிடைக்காமலும், பழுது பார்க்க ஆளில்லாமலும் பெரும் எண்ணிக்கையிலான பம்புகள் நின்றுபோயின. குழாய் புதுசு, குடம் காலி!

இதைப் பார்த்துத்தான் 1980-களில் மலாவி, கென்யா நாடுகளில் ‘ஆஃப்ரிடேவ்’ என்ற பம்பை உருவாக்கினார்கள். ஊர்ப் பெண்களே சாதாரணக் கருவிகளைக் கொண்டு கழற்றி, வாஷர் மாற்றும்படி அமைத்தார்கள். பம்பாக இருந்தாலும் கண்மாயாக இருந்தாலும், கொடுப்பவர் போன பிறகு ஊரால் நடத்த முடிந்ததே நிலைக்கிறது.

அறுவடைக்குப் பிறகும் உதவி தேவை

உதவி என்றால் மண் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் கரிசலுக்கு ஏற்ற குதிரைவாலியை எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சலை விட உமி நீக்குவதுதான் பெரும்பாடு. 2011-ல் கனடா அரசின் நிதியுதவியுடன் தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடிய மெனோனைட் பல்கலைக்கழகம் ஆகியவை நேபாள, இலங்கை அமைப்புகளோடு சேர்ந்து சிறுதானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ரகத் தேர்வு, சாகுபடி முறை ஆகியவற்றோடு, சிறிய அளவில் உமி நீக்கும் இயந்திரங்களிலும் அது கவனம் வைத்தது. உங்கள் ஊருக்கு வருபவர் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால், கண்மாயோடு இதையும் யோசியுங்கள்.

சட்டம் மாறியிருக்கிறது

2014 ஏப்ரல் முதல், சட்டம் சொல்லும் அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உள்நாட்டு நிதிக்கு இது ஒரு வாசல். மறுபக்கம், 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பிடம் வாங்கி ஊரில் வேலை செய்த சிறிய தொண்டு நிறுவனங்கள் இதனால் தடுமாறுகின்றன. ஆகவே, ‘நிதி யாருடையது, நேரடியாக வருகிறதா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

• கண்மாய் யார் பொறுப்பில் உள்ளது? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத்துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொக்லைன் இறங்கக் கூடாது.

• வரத்துக்கால் வேலை திட்டத்தில் இருக்கிறதா? வரத்து அடைபட்டிருக்க, உள்வாயை மட்டும் ஆழப்படுத்தினால் பயனில்லை. மடைமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது.

• சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கிறார்களா, வெட்டி மட்டும் விடுகிறார்களா? வெட்டிவிட்டால் மறுபடியும் துளிர்க்கும்.

• வண்டல் யாருக்கு? உரிய அனுமதியோடு விவசாயிகள் எடுக்கலாம். மணற்பாங்கான செம்மண்ணுக்கு வண்டல் நல்ல மருந்து. களி மிகுந்த கரிசலில் மண் பரிசோதனை பார்த்துவிட்டு இடுங்கள்.

• மதிப்பீடும் செலவுக் கணக்கும் ஊர்க்கூட்டத்தில் படிக்கப்படுமா?

• திட்டம் முடிந்த பிறகு பராமரிப்பு நிதி எவ்வளவு, யார் பெயரில்?

• ஆயக்கட்டில் நிலம் இல்லாதவர்களுக்கு என்ன? மீன் குத்தகை, கரை மரங்கள், வேலைக்கூலி ஆகியவற்றில் அவர்களுக்கும் பங்கு பேசுங்கள். இல்லாவிட்டால் கண்மாய் பாதி ஊருக்குத்தான் சொந்தமாக இருக்கும்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது பட்டாசு ஆலைக் காலண்டரையும் பாருங்கள். நாம் விதைக்கும் புரட்டாசிதான் தீபாவளி உற்பத்தியின் உச்சமும். வேலை நாளில் கூட்டினால், ஆலைக்குப் போகும் பெண்கள் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டுங்கள். தண்ணீர்க் குறையை முதலில் சுமப்பது அவர்கள்தான். அவர்கள் சொல் சங்கத் தீர்மானத்தில் ஏற வேண்டும்.

மண் வேலையைப் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிட்டால், கரை இறுகிய பிறகு வடகிழக்குப் பருவமழை வரும். எனவே, தை மாசியிலேயே சங்கத்தைக் கூட்டி, அனுமதிக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். உதவ வருபவர் கேட்கும் முதல் காகிதமும் அதுதான்.