கடாரத்துக் கோயிலில் ஒரு கல் பாடம்

பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் முதலில் சோழர் கதையைத்தான் சொல்வார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின்மேல், அதாவது இன்றைய கெடாவின்மேல், படையெடுத்ததும், அதற்கு முன்பிருந்தே வணிகக் கப்பல்கள் ஜெராய் மலையை அடையாளமாக வைத்துக் கரை சேர்ந்ததும் சொல்ல வேண்டிய கதைகளே. ஆனால் மலையடிவாரத்தில், மெர்போக்கில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியக வளாகத்தில் இன்னொரு பாடமும் திறந்தவெளியில் கிடக்கிறது. கருங்கல், செம்புறைக்கல், செங்கல் மூன்றும் ஒரே நடையில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. பாறை வகைகளைக் கண்ணால் பார்த்துப் பழக இது நல்ல இடம்.

வளாகத்தில் 'சண்டி' எனப்படும் பழங்கோயில்களின் அடித்தளங்கள் சீரமைத்து வைக்கப்பட்டுள்ளன. சில, வேறு இடங்களில் கிடைத்து இங்கே கொண்டுவந்து அடுக்கப்பட்டவை. புக்கிட் பத்து பாஹாட் சண்டி மட்டும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. 1930-களில் தொல்பொருள் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் இதை அகழ்ந்தார். 1959–60-இல் அலஸ்டர் லாம்ப் மீண்டும் அகழ்ந்து, சிதறிக் கிடந்த கற்களை அவற்றின் இடத்தில் பொருத்தினார். சதுரக் கருவறை, அதற்கு முன்னால் மண்டபம் என்ற அமைப்பு நம் கண்ணுக்குப் பழக்கமானது. கட்டியிருப்பது கிரானைட், அதாவது கருங்கல். பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

அடித்தளக் கல் ஒன்றின் அருகே குனிந்து பாருங்கள். எட்டி நின்றால் சாம்பல் நிறமாகத் தெரிவது, கிட்டத்தில் பல நிறப் பொடிக்கற்களின் கூட்டாகப் பிரியும். கண்ணாடித் துண்டு மாதிரிப் பளபளப்பது குவார்ட்ஸ். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ட்ஸ்பார். வெயிலில் மின்னும் கறுப்புச் செதில் மைக்கா. இவை பசை வைத்து ஒட்டியவை அல்ல; ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தே வளர்ந்தவை. பாறைக்குழம்பு பூமிக்கு அடியில், சில கிலோமீட்டர் ஆழத்தில், பல ஆயிரம் ஆண்டுகளாக மெல்ல ஆறியதன் அடையாளம் இது. சர்க்கரைப் பாகை ஆடாமல் அசையாமல் விட்டால்தான் கற்கண்டு பெரிதாக விளையும். இங்கும் அதே கணக்கு. எரிமலையிலிருந்து வெளியே கொட்டி விரைவில் ஆறும் பசால்ட் பாறையில் கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருப்பதற்கும் இதுவே காரணம். இப்படிக் குழம்பு ஆறிப் பிறப்பவை தீப்பாறைகள். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்துக் கிரானைட்டில் பெரும்பகுதி சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது.

கருங்கல் ஏன் கடினம்? அதிலுள்ள குவார்ட்ஸ்தான் காரணம். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு ஏழு; சாதாரண எஃகுக் கத்திக்கு ஐந்தரைதான். வீட்டு அம்மி தலைமுறை கடந்தும் உழைப்பது இதனால்தான். இத்தனை கடினமான கல்லில், மண்டபத் தூண்கள் நின்ற இடங்களில் குழி செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழிகளில் நின்றவை மரத்தூண்கள். மழையும் கறையானும் தின்று போக, குழி மட்டும் மிச்சம். கல்லுக்கும் அவர்கள் வெகுதூரம் அலைந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து மெர்போக் கெச்சில் ஆற்றில் உருண்டைப் பாறைகள் நிறைந்திருக்கின்றன. வெப்பமண்டல மழை கிரானைட்டின் வெடிப்புகளுக்குள் இறங்கி, மூலைகளை முதலில் அரித்துவிடும். உளுத்த பகுதி மண்ணாகக் கரைந்து ஓட, உறுதியான நடுப்பகுதி உருண்டையாக எஞ்சும். உளுக்காத கல்லை இயற்கையே தேர்ந்து கொடுத்துவிட்ட மாதிரிதான். சிற்பி உளியை எடுத்தால் போதும்.

அடுத்து செம்புறைக்கல். துரு நிறம், உடம்பெங்கும் ஓட்டை. கெடாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல. மழை பெய்தால் சைக்கிள் சக்கரத்தில் அப்பி, வெயில் அடித்தால் உடுப்பெல்லாம் படியும் தோட்டத்துச் சாலையின் சிவப்பும் இதே குடும்பந்தான். சூடும் மழையும் மாறி மாறி வரும் நாடுகளில், பாறையிலுள்ள கரையக்கூடிய பொருள்களை நீர் கொண்டுபோய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடாக அங்கேயே தங்கிக் கெட்டிப்படும். அதுதான் செம்புறைக்கல். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்ற பாடப்புத்தகத்தின் மூன்று பாறைக் குடும்பங்களில் இது எதிலும் சரியாக அடங்காது. பாறை சிதைந்து மண்ணாகும் வழியில் பாதியில் இறுகி நின்றது என்று வைத்துக்கொள்ளலாம். 1807-இல் பிரான்சிஸ் புக்கானன் இதைப் பற்றி எழுதி 'லேட்டரைட்' என்று பெயரிட்டது கேரளத்தின் அங்காடிப்புரத்தில் பார்த்ததை வைத்து. மண்ணுக்குள் ஈரமாக இருக்கும்போது இரும்புக் கருவியால் வெட்டும் அளவுக்கு மிருதுவாக இருந்து, வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் இறுகிப்போகும் அதன் குணத்தையும் அவர் குறித்தார். பூஜாங் கட்டடக்காரர்களுக்கும் அதே வசதிதான் கைகொடுத்தது. ஆனால் இந்தக் கல்லில் நுணுக்கமான சிற்பம் நிற்காது. அடித்தளத்துக்கும் சுவருக்கும் அதைப் பயன்படுத்தியது கல்லின் குணம் தெரிந்தவர்களின் வேலை.

செங்கல் மனிதன் செய்த கல். ஆனாலும் அதன் கதை கருங்கல்லில்தான் தொடங்குகிறது. கிரானைட்டிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் சிதைந்தால் களிமண். சிதையாத குவார்ட்ஸ் உதிர்ந்தால் மணல். இரண்டையும் பிசைந்து சுட்டால் செங்கல். அருகில் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழ்ந்த இடத்தில் செங்கல் கட்டுமானங்களோடு இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் கிடைத்தன. அங்கே குமிழி விழுந்த, கையில் எடுத்தால் கனக்கும் கறுப்புக் கட்டிகளை எரிமலைக் கல் என்று நினைத்துவிடக் கூடாது. அவை உலையில் இரும்பைப் பிரித்தபின் தங்கிய கசடு.

மற்ற இரண்டு பாறைக் குடும்பங்களையும் பார்க்கக் கெடாவை விட்டு வெளியே போக வேண்டாம். அலோர் ஸ்டாருக்கு அருகே வயல்வெளியின் நடுவில் திடீரென எழும் கெரியாங் குன்று சுண்ணாம்புப் பாறை. பழங்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் எலும்புக்கூடும் படிந்து இறுகியதால் இது படிவுப் பாறை. மழைநீரிலுள்ள வீரியம் குறைந்த அமிலமே இதைக் கரைத்துக் குகை குடைந்துவிடும். லங்காவியில் இத்தகைய சுண்ணாம்புப் பாறைக்குள் கிரானைட் குழம்பு ஏறியபோது, அந்தச் சூட்டில் சுண்ணாம்புப் பாறை உருகாமலே மறுபடி மணிகட்டிப் பளிங்காயிற்று. டாயாங் புந்திங் தீவில் அதைப் பார்க்கலாம். இது உருமாறிய பாறை. ஜெராய் மலையில் கிரானைட்டோடு சேர்ந்திருக்கும் குவார்ட்சைட்டும் சிஸ்டும் இந்தக் குடும்பமே. லங்காவியின் சில களிப்பாறைகளில் சம்பந்தமில்லாத கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. இந்த நிலத்துண்டு தெற்கே கோண்டுவானாப் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தபோது, மிதந்துவந்த பனிக்கட்டி உருகிக் கடலடிச் சேற்றில் போட்டுவிட்டுப் போன கற்கள் அவை. 2007-இல் யுனெஸ்கோ அங்கீகாரத்துடன் தென்கிழக்காசியாவின் முதல் புவிப்பூங்காவாக லங்காவி ஆனதற்கு இத்தகைய பாறைகள்தாம் அடிப்படை.

இந்தக் கல்லறிவால் தோட்டப்புற மக்களுக்கு நேரடிப் பயனும் உண்டு. 2013-இல் சுங்கை பத்துவில் 11 என எண்ணிடப்பட்ட சண்டி, வீட்டுமனைத் திட்டத்துக்காக நிலத்தைத் திருத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. மண்வாரி இயந்திரத்துக்குக் கோயில் கல்லும் வெறும் கல்லும் ஒன்றுதான். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அப்படியல்ல. ஆறு உருட்டிய கல்லுக்கு நேரான விளிம்பு இருக்காது. தானாக இறுகிய செம்புறைக்கல் ஒரே அளவில் சதுரமாக உடையாது. கிரானைட்டில் சீரான வட்டக்குழி விழுந்திருந்தால் அதில் உளி பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. செம்பனை நடவிலோ கால்வாய் வெட்டும்போதோ இப்படி ஒரு கல் தட்டுப்பட்டால் அதை அசைக்காதீர்கள்; கிடந்தபடியே படம் எடுத்து, மெர்போக் அருங்காட்சியகத்துக்குத் தகவல் கொடுங்கள். இடம் மாறிய கல் தன் வகையை மட்டுந்தான் சொல்லும். இருந்த இடத்திலேயே இருந்தால் அங்கே என்ன நின்றது என்பதையும் சொல்லும்.